புத்தகத்துக்கு ஈடாக ஒரு பண்ணை: மார்ட்டின் ஹாரிஸ் குடும்ப வரலாறு



ஒரு சமயம் எப்படித் தோன்றியது என்று கேட்டால், தோற்றுவித்தவரின் பெயரை உடனே சொல்லிவிடுவோம். ஆனால், அதன் முதல் செலவை யார் ஏற்றார்கள்? அந்தச் செலவு எந்த வீட்டு அடுப்பைத் தொட்டது? இந்தக் கேள்விகளை நாம் அதிகம் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு விவசாயியின் குடும்பத்தைப் பார்ப்போம். அவர் பெயர் மார்ட்டின் ஹாரிஸ். மார்மன்கள் என்று பரவலாக அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் முதன்முதலாகச் சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

பின்புலம்: கால்வாயும் கோதுமையும்

மார்ட்டின் 1783ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே அவருடைய குடும்பம் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள பால்மைராவில் குடியேறியது. 1808இல் லூசி ஹாரிஸை மணந்தார். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருப்பதைக் கவனித்தீர்களா? லூசி அவருடைய தந்தையின் உடன்பிறந்தார் மகள். நம் வழக்கப்படி தங்கை முறை. அங்கே அது திருமணத்துக்குத் தடையாக இல்லை.

ஏறத்தாழ 240 ஏக்கர் பண்ணை அவர்களுக்கு இருந்தது. கோதுமை விளைந்தது, ஆடு வளர்த்தார்கள், வீட்டிலேயே துணி நெய்தார்கள். அந்தத் துணிகளுக்கு வட்டார வேளாண் கண்காட்சியில் மார்ட்டின் பெயரில் பரிசுகள் கிடைத்தன. அந்தக் காலத்துப் பண்ணை வீடுகளில் நூல் நூற்பதும் நெய்வதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. வேலை ஒருவர் கையில், பதிவு இன்னொருவர் பெயரில். இதை மனசுல வச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

1825இல் எரி கால்வாய் முழுமையடைந்தது. அது பால்மைரா வழியாகவே சென்றதால் விளைச்சலைத் தொலைதூரச் சந்தைக்கு அனுப்ப முடிந்தது. நிலத்துக்கும் மதிப்புக் கூடியது. மார்ட்டின் ஊரில் மதிக்கப்பட்ட மனிதர். சாலைப் பராமரிப்பைக் கவனிக்கும் பொறுப்புக்கு ஊர்மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே காலத்தில் அந்த வட்டாரத்தில் சமய எழுச்சிக் கூட்டங்கள் அலை அலையாக நடந்தன. எந்தச் சபை உண்மையானது என்ற பேச்சு வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தச் சூழலில்தான் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர், பொன் தகடுகளில் எழுதப்பட்ட பழைய ஏடு ஒன்று தமக்குக் கிடைத்திருப்பதாகவும், இறையருளால் அதை மொழிபெயர்ப்பதாகவும் கூறினார். மார்ட்டின் அதை நம்பினார்.

நூற்றுப் பதினாறு பக்கங்கள்

நம்பினாலும் விசாரிக்காமல் விடவில்லை. 1828இல் தகடுகளிலிருந்து படியெடுத்த சில எழுத்துகளை எடுத்துக்கொண்டு நியூயார்க் நகரம் சென்று, கொலம்பியா கல்லூரி அறிஞர் சார்லஸ் ஆந்தனைச் சந்தித்தார். அறிஞர் அவற்றை ஏற்றுக்கொண்டார் என்பது மார்ட்டின் தரப்பு. அப்படிச் சொல்லவே இல்லை என்று ஆந்தன் பிற்காலக் கடிதங்களில் மறுத்தார். ஒரே சந்திப்பு, இரண்டு சாட்சியங்கள்!

அதே ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை மார்ட்டின் பென்சில்வேனியாவிலுள்ள ஹார்மனியில் தங்கினார். ஜோசப் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 116 பக்கங்கள் சேர்ந்தன. வீட்டில் லூசிக்குச் சந்தேகம் வலுத்துக்கொண்டே இருந்தது. கணவர் எதற்காகப் பண்ணை வேலையை விட்டுவிட்டு அலைகிறார் என்று அவர் கேட்டதில் வியப்பில்லை. எனவே, பக்கங்களை வீட்டாரிடம் காட்டவேண்டும் என்று மார்ட்டின் மீண்டும் மீண்டும் அனுமதி கேட்டார். மனைவி, தம்பி, தாய், தந்தை, மனைவியின் சகோதரி ஆகிய ஐவருக்கு மட்டும் காட்டலாம் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அவர் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. வேறு சிலருக்கும் காட்டினார். பிறகு பக்கங்கள் காணாமல் போயின. இன்றுவரை கிடைக்கவில்லை.

லூசிதான் எரித்துவிட்டார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு நேரடி ஆதாரம் கிடையாது. மாணவர்களே, தேர்வு விடையில் இதை உறுதியான செய்தியாக எழுதிவிடாதீர்கள். "சந்தேகிக்கப்படுகிறது" என்பதற்கும் "நிரூபிக்கப்பட்டது" என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கு.

அடமானம்

மொழிபெயர்ப்பு 1829இல் முடிந்தது. தகடுகளைக் கண்டதாகச் சாட்சி சொன்ன மூவரில் மார்ட்டினும் ஒருவர். அடுத்து அச்சுச் செலவு. பால்மைரா அச்சகக்காரர் கிராண்டின் 5,000 படிகள் அச்சிட 3,000 டாலர் கேட்டார். பணத்துக்கு உத்தரவாதம் இல்லாமல் வேலையைத் தொடங்க அவர் தயாராக இல்லை. பண்ணைக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் கிடைப்பதே அரிதான காலம் அது. அப்படியென்றால் 3,000 டாலர் எவ்வளவு பெரிய தொகை, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

1829 ஆகஸ்டு 25ஆம் நாள் மார்ட்டின் தம் நிலத்தை அடமானம் வைத்தார். தவணை 18 மாதம். 1830 மார்ச்சில் மார்மன் புத்தகம் வெளிவந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் சபை முறைப்படி அமைக்கப்பட்டது; அவரும் திருமுழுக்குப் பெற்றார். ஆனால், பால்மைரா மக்கள் புத்தகத்தை வாங்க முன்வரவில்லை. விற்பனையில் வந்த பணம் கடனை அடைக்கப் போதவில்லை. சொத்தின்மீது ஆசை வைக்காமல் அச்சுக் கடனைத் தீர்க்கும்படி மார்ட்டினுக்குக் கட்டளையிடும் ஒரு பகுதி, சபையின் மறைநூல்களுள் ஒன்றில் இன்றும் இருக்கிறது. 1831 ஏப்ரலில் அவர் சுமார் 151 ஏக்கரை விற்றார். கடன் தீர்ந்தது, குடும்பம் பிரிந்தது.

லூசியின் பக்கம்

பல நூல்கள் லூசியைச் சண்டைக்காரி என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அவர் இடத்தில் நின்று கொஞ்சம் யோசிப்போமே.

அன்றைய சட்டப்படி, மணமான பெண்ணின் பெயரில் நிலம் இருந்தாலும் அதை ஆளும் உரிமை கணவனுக்கே இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1848இல்தான் வந்தது. அதாவது அடமானம் நடந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு! லூசியின் பெயரில் சுமார் 80 ஏக்கர் தனியாக இருந்தது. மீதிப் பண்ணையிலும் அவருடைய இருபது ஆண்டு உழைப்பு கலந்திருந்தது. அந்தப் பண்ணை ஒரு கையெழுத்தில் கைவிட்டுப் போகும் நிலை வந்தபோது அவர் எதிர்த்தார். அந்த எதிர்ப்பைக் குணக்கேடு என்று மட்டும் பார்க்க முடியுமா?

அவரைப் பற்றிய முக்கியமான ஆதாரங்கள் இரண்டு. முதலாவது, ஜோசப்பின் தாயார் 1840களின் நடுவில் சொல்லி எழுதவைத்த நினைவுக் குறிப்பு. அதில் லூசி சந்தேகமும் பிடிவாதமும் நிறைந்தவராக வருகிறார். இரண்டாவது, 1833இல் லூசியே கொடுத்த வாக்குமூலம். கணவர் தம்மை அடித்ததாகவும், புத்தகத்தால் பணம் வரும் என்று அவர் எதிர்பார்த்ததாகவும் அதில் சொல்கிறார். அது 1834இல் மார்மன்களை எதிர்த்து வெளியான ஒரு நூலில் அச்சானது. முதல் ஆதாரம் மகனைக் காக்க விரும்பிய தாயுடையது. அடுத்தது, சபையைத் தாக்க விரும்பியவர்கள் திரட்டியது. இரண்டையும் தள்ளிவிடவும் கூடாது, அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. யார், எப்போது, யாருக்காகச் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாம் குடும்பம், இறுதி ஆண்டுகள்

மார்ட்டின் 1831இல் ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லாந்துக்குச் சென்றார். லூசி பால்மைராவிலேயே தங்கி 1836இல் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் மார்ட்டின் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் கரோலின் யங், பிற்காலத்தில் சபைத் தலைவரான பிரிகாம் யங்கின் அண்ணன் மகள். அவருக்கும் மார்ட்டினுக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டு வயது வித்தியாசம்.

1837இல் சபைத் தலைவர்கள் தொடங்கிய வங்கி முறிந்தது. கர்ட்லாந்தில் பிளவு ஏற்பட்டது. அந்த ஆண்டு இறுதியில், நிலத்தையே கொடுத்த மார்ட்டின் சபையிலிருந்து நீக்கப்பட்டார். மற்றவர்கள் மேற்கே போனபோது அவர் போகவில்லை. 1856இல் கரோலின் பிள்ளைகளோடு யூட்டாவுக்குப் புறப்பட்டார். இரண்டாவது முறையும் நம்பிக்கை சார்ந்த பிரச்சினையில் குடும்பம் பிரிந்தது. இந்த முறை பின்தங்கி நின்றவர் மார்ட்டின்.

முதுமையில் வறுமையோடு, கைவிடப்பட்ட கர்ட்லாந்து ஆலயத்தை வருவோருக்குச் சுற்றிக்காட்டி வாழ்ந்தார். சபையோடு முரண்பட்ட அந்த நீண்ட காலத்திலும் மார்மன் புத்தகத்துக்குத் தாம் சாட்சி என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1870இல், தம் 87ஆம் வயதில், ரயிலேறி யூட்டா சென்று மீண்டும் திருமுழுக்குப் பெற்றார். கிளார்க்ஸ்டன் என்ற ஊரில் மகன் குடும்பத்தோடு வாழ்ந்து, 1875 ஜூலை 10ஆம் நாள் 92 வயதில் காலமானார்.

முடிவுரை

மார்ட்டினை ஏமாளி என்பாரும் உண்டு, தியாகி என்பாரும் உண்டு. வரலாற்று மாணவருக்கு இந்த இரண்டு சொல்லும் அவசரமான தீர்ப்புகள். தம் கண்முன் இருந்த நிலத்தைவிடத் தாம் நம்பிய ஒன்று பெரிது என்று அவர் எண்ணினார். அந்த நிலம் அவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமான உழைப்பு அல்ல என்று லூசி எண்ணினார். சட்டம் கணவர் பக்கம் நின்றது. அதனால் புத்தகம் அச்சானது. அடமானப் பத்திரத்தில் உள்ள 3,000 டாலரைப் படிக்கும்போது, பத்திரத்தில் எழுதப்படாத லூசியின் இழப்பையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு முழுமையாகும்.

வகுப்பறைக்குச் சில கேள்விகள்

1. எரி கால்வாய் மார்ட்டினின் பொருளாதார நிலையை எவ்வாறு பாதித்திருக்கும்? காரணம், விளைவு என வரிசைப்படுத்துக.

2. லூசியைப் பற்றிய இரண்டு ஆதாரங்களின் நம்பகத்தன்மையை ஒப்பிடுக. இரண்டும் ஒத்துப்போகும் செய்தி ஏதேனும் உண்டா?

3. 1848ஆம் ஆண்டுச் சட்டம் 1828இலேயே வந்திருந்தால் என்னென்ன மாறியிருக்கும், என்னென்ன மாறியிருக்காது? குழுவாகக் கலந்துரையாடுக.