உலக்கையை ஆர் பிடிக்கிறது?

கனடாவில் இருக்கிற மாமா எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒருநாள் நீண்ட செய்தி ஒன்றைப் போட்டார். குரக்கன், சாமை, வரகு, ஒடியல், குத்தரிசி என்று ஒரு பட்டியல். கீழே அறிவுரை: "எங்கட முன்னோர் இதைத்தான் சாப்பிட்டவை. நோய் நொடி இல்லாமல் நூறு வயசு வரைக்கும் இருந்தவை. நாங்கள்தான் பாணுக்கும் பக்கற்றுக்கும் அடிமையாகிட்டம். பிள்ளையளுக்கு வீட்டிலேயே முழுத் தானியத்தில சமைச்சுக் குடுங்கோ." உடனே ஐந்தாறு கைகூப்பல்கள் விழுந்தன.

நான் அதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் 1942இல் பிறந்தவர். முழுவதும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"எல்லாம் சரி. உலக்கையை ஆர் பிடிக்கிறது? அவன் வந்து பிடிப்பானோ?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. வீட்டில் முழு உணவு சமைத்துச் சாப்பிடுவது நல்லதா என்று கேட்டால், நல்லதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "முந்தி எல்லாரும் அப்படித்தான் சாப்பிட்டவை, பிறகு நாங்களாகக் கெட்டுப்போனம்" என்ற கதை சரியில்லை. எங்கட சட்டிக்குள் என்ன விழுந்தது என்பதைக் கப்பல்களும் யுத்தங்களும் அரசுகளும் தீர்மானித்திருக்கின்றன. அந்தச் சட்டியைத் தூக்கிச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

நூறு வயசுக் கதை

முதலில் நூறு வயசு. 1946இல் இலங்கையரின் சராசரி ஆயுட்காலம் 45 வயதைக்கூட எட்டவில்லை. மலேரியாவும் குழந்தை இறப்பும் பிரசவ மரணங்களும்தான் அதற்கு முக்கிய காரணம். அதற்காகக் குரக்கனைக் குறைசொல்ல ஏலாது. ஆனால் குரக்கன் யாரையும் மலேரியாவிலிருந்து காப்பாற்றவும் இல்லை. பிறகு ஆயுள் கூடியது மருத்துவமனைகளாலும் மருத்துவிச்சிகளாலும் மலேரியாக் கட்டுப்பாட்டாலும் இலவசக் கல்வியாலும். அதே காலத்தில்தான் நாடு பாண் சாப்பிடவும் பழகியது.

இரண்டாவது, "எங்கட அரிசி". யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடுகிற பெரிய ஆறு இல்லை. மழையை நம்பி வருசத்துக்கு ஒருபோகம் நெல். கிணற்றுத் தண்ணீரில் தோட்டம். நெல் போதாத மாதங்களைக் குரக்கனும் சாமையும் வரகும் பனங்கிழங்கும் நிரப்பின. அவை ஆரோக்கியத்துக்காகத் தேர்ந்தெடுத்த சாப்பாடு அல்ல. அரிசி முடிந்த வீட்டின் சாப்பாடு. சோறு சாப்பிடுவது வசதியின் அடையாளமாக இருந்த ஊரில், கூழ் குடிப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிரித்தானியர் காலத்தில் நிலைமை இன்னும் மாறியது. தேயிலை, இறப்பர், தென்னை என்று ஏற்றுமதிப் பயிர்கள் பரவ, நாடு உண்ட அரிசியில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அரிசி அது. "பாரம்பரியச் சோறு" என்று நாங்கள் நினைப்பதில் கணிசமான பங்கு கப்பலில் வந்தது.

தவிட்டோடு போனது

அரிசி ஆலைகள் பெருகிய அந்தக் காலத்தில் ஆசியா முழுவதும் ஒரு நோய் பரவியது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளரும். பெரிபெரி என்று பெயர். அந்தச் சொல் சிங்களத்திலிருந்து வந்தது என்றே பல அகராதிகள் சொல்கின்றன. 1890களில் ஜாவாத் தீவின் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் எய்க்மன் என்ற ஒல்லாந்து மருத்துவர் கோழிகளைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி போட்ட கோழிகளுக்குக் கால் இழுத்தது. தவிடு போகாத அரிசி போட்டதும் எழும்பி நடந்தன. தவிட்டிலும் முளையிலும் இருந்த, பிற்காலத்தில் தயமின் என்று பெயர் பெற்ற விற்றமின் பி1தான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மாமாவின் செய்திக்கு இது ஆதரவான கதைபோலத் தெரியும். பாதி அப்படித்தான். மற்றப் பாதி: புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு பெரிபெரி குறைவாகவே வந்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பங்கு உள்ளே மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. நெல்லை அவிப்பதும் பதப்படுத்தல்தான். பச்சையாக அரைத்தால் கைக்கும் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிவதும் பதப்படுத்தல்தான். தோசைமா புளிக்கவைப்பதும் அப்படித்தான். மரவள்ளியை அவிக்காமல் சாப்பிட்டால் நஞ்சு. எங்கட சமையலறைகள் பதப்படுத்தலுக்கு எதிராக இருந்ததே இல்லை. அந்த வேலை யாருடைய கையில் இருந்தது, அதில் எது வெளியே எறியப்பட்டது என்பதுதான் கேட்கவேண்டியது.

அம்மம்மா பிறந்த வருசம்

1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. அரசாங்கம் அரிசியைப் பங்கீடு செய்யத் தொடங்கியது. போதாததற்குக் கோதுமை மாவைக் கொண்டுவந்து கொடுத்தது. பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே இங்கே இருக்கிறது. ஆனால் அது நகரத்துச் சாப்பாடாகவே இருந்தது. கோதுமை ஊர் வீட்டு அடுப்புக்கு வந்தது அந்த யுத்தத்தோடும் கூப்பனோடும்தான்.

பங்கீடு அரசியலானது. 1952இல் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம். 1953இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகஸ்ட் 12இல் நாடு முழுவதும் ஹர்த்தால். சூட்டில் ஆட்கள் இறந்தார்கள். பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1954இல் அமெரிக்கா பிஎல் 480 சட்டத்தை இயற்றியது. தன்னிடம் மிஞ்சிய தானியத்தை மற்ற நாடுகளுக்குச் சலுகையாகக் கொடுக்கும் ஏற்பாடு அது. அதன்கீழ் இலங்கைக்கும் மா வந்தது. வயசான ஆக்கள் சிலர் இன்னும் "அமெரிக்கன் மா" என்று சொல்வதுண்டு. 1977இல் சிங்கப்பூரின் பிறீமா நிறுவனத்தோடு ஒப்பந்தம், 1980இல் திருகோணமலையில் பிரமாண்டமான மா ஆலை. கோதுமை விளையாத நாட்டில் கோதுமை மா மலிவான அன்றாட உணவானது இப்படித்தான்.

மா ஏன் வென்றது

மலிவு மட்டும் காரணம் அல்ல. அம்மம்மாவிடம் ஒரு பிட்டுக்கான வேலையைச் சொல்லச் சொன்னேன். நெல்லை ஊறப்போட்டு அவிக்க வேண்டும். பாயில் பரவி, காகத்தையும் மழையையும் பார்த்துக் காவல் இருக்க வேண்டும். உரலில் குத்தி, சுளகில் புடைத்து உமி நீக்க வேண்டும். பிறகு அரிசியை ஊறவைத்து, இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போட்டு இடிக்க வேண்டும். அரித்து, மிஞ்சும் கப்பியைத் திரும்ப இடிக்க வேண்டும். மாவை வறுக்க வேண்டும். இவ்வளவும் பிட்டுக் குழைக்கத் தொடங்குவதற்கு முன்னால். தேங்காய் திருவுவது, சம்பலுக்கு அம்மியில் அரைப்பது, தண்ணீர் அள்ளுவது, விறகு பொறுக்குவது எல்லாம் தனிக்கணக்கு.

"உள்ளங்கையில தோல் தடிச்சுப்போய், பிள்ளையைத் தடவினா அது அழும்" என்றார்.

வசதியான வீடுகளில் உலக்கையை வேறு பெண்கள் பிடித்தார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். வாசலுக்குள் வர விடாமல், கோடிப்பக்கத்தில் இருத்தி வேலை வாங்கினார்கள். இடித்த மாவுக்குத் தீட்டு இல்லை, இடித்த கைக்குத் தீட்டு! "எங்கட முன்னோரின் ஆரோக்கியமான சாப்பாடு" என்று படம் போடும்போது, அந்தப் பெண்களின் முன்னோர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

அந்த வேலைக்கு நடுவில் வந்தது கோதம்ப மா. துணியில் கட்டி நீராவியில் அவித்து, சூட்டோடு உதிர்த்து அரித்து வைத்தால் பிட்டுக்கும் ஆகும், இடியப்பத்துக்கும் ஆகும். எங்கட பெண்கள் அந்நிய மாவை அப்படியே ஏற்கவில்லை. அதை அவித்து அரிசிமாவின் வேலையைச் செய்ய வைத்தார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல. கண்டுபிடிப்பு. அதில் மிஞ்சிய நேரத்தில்தான் என் அம்மா பள்ளிக்கூடம் போனார்.

மலையகத்தில் இது இன்னும் வெளிச்சம். விடிய முன்னர் எழும்பி ரொட்டி தட்டி வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணுக்குக் கோதுமை மா சுவைத் தேர்வு அல்ல, நேரக் கணக்கு, சம்பளக் கணக்கு. 1973, 74இல் மாவும் அரிசியும் தட்டுப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. அவர்களிடம் போய் "கோதுமையை விடுங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உரல் திரும்பி வந்த காலம்

அதே 70களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வடக்கில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் நிமிர்ந்தார்கள். அந்த ஆட்களே பாணுக்கு இருட்டோடு வரிசையில் நின்றார்கள், மரவள்ளி அவித்தார்கள். 1977க்குப் பிறகு சந்தை திறக்க, வரிசை போனது. வெங்காய விலையும் போனது.

பிறகு 1990. மின்சாரம் நின்றது. எரிபொருளுக்குத் தடை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் உரலும் அம்மியும் திரும்ப வேலை செய்தன. சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தார்கள். ஒடியல் கூழும் குரக்கன் பிட்டும் மீண்டும் அன்றாடமாயின. மாமா அனுப்பிய பட்டியல் அப்படியே இருந்தது. அதை நாங்கள் அப்போது முழு உணவு என்று அழைக்கவில்லை. பொருளாதாரத் தடை என்று அழைத்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மம்மா வீட்டு உரல் கோடியிலேயே கிடந்தது. உரலைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது. ஓடுகிற சனத்தின் சாப்பாடு பிஸ்கட்டும் மாவும் நிவாரண அரிசியும்தான். 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்ந்த கஞ்சி. அதைவிடப் பதப்படுத்தாத சாப்பாடு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு மே மாதமும் அதை நாங்கள் காய்ச்சிக் குடிப்பது உடம்புக்காக அல்ல.

கடைசியாக 2021, 2022. ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடை, நவம்பரில் வாபஸ், இடையில் விளைச்சல் விழுந்தது. அடுத்த வருசம் காஸ் இல்லை, மா இல்லை. தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். எங்கட வீட்டில் அம்மா அந்த லீவு நாளில் விறகு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

சரி, அப்ப என்ன சாப்பிடுறது?

பக்கற்றைப் பிரித்துச் சாப்பிடுங்கோ என்று சொல்ல வரவில்லை. பிரேசிலின் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவரது குழுவினரும் 2009இலிருந்து வளர்த்த நோவா வகைப்பாடு இதில் உதவும். அது உணவை நாலாகப் பிரிக்கிறது. அவித்தல், அரைத்தல், காயவைத்தல் போன்றவற்றை ஒருபக்கம் வைத்துவிட்டு, வீட்டுச் சமையலறையில் இல்லாத பொருட்களால் தொழிற்சாலையில் கட்டியெழுப்பும் மிகைப் பதப்படுத்தல் உணவுகளைத் தனியாக நிறுத்துகிறது. அவித்த மாப் பிட்டும் கலர்ச் சோடாவும் ஒரே குற்றவாளி அல்ல. ஆனால் அம்மம்மாவுக்கே சீனி வருத்தம் இருக்கிறது. மூன்று நேரமும் வெள்ளை மா அவருக்குக் கூடாது. அதுவும் உண்மை.

என் பார்வையில், இந்த வரலாற்றில் உரலுக்கும் பக்கற்றுக்கும் நடுவில் ஒரு பொருள் கவனிக்கப்படாமல் நிற்கிறது: ஊர் மில். தானியம் எங்கட, இடி இயந்திரத்தினது. குரக்கனைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் தவிட்டோடு மாவாகத் திரும்பி வரும். அரிசியைக் கூடத் தீட்டாமல் எடுக்கச் சொல்லலாம். ஒருத்தியின் உள்ளங்கை தடிக்கத் தேவையில்லை.

மிச்ச வேலை சமையலறைக்குள் இருக்கிறது. அதைப் பிரிக்காமல் "பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம்" என்றால், வேலைக்குப் போய் ஐந்தரைக்கு வீடு வரும் அம்மாவின் தலையில் இன்னும் இரண்டு மணித்தியாலத்தை ஏற்றுகிறோம் என்றுதான் அர்த்தம். எங்கட வீட்டில் இப்போது மில்லுக்குப் போவது நான். தேங்காய் திருவுவது தம்பி. ஆரம்பத்தில் சிரட்டையும் சேர்த்துத் திருவினான், இப்போது பரவாயில்லை. கிழமையில் மூன்று இரவு குரக்கன் பிட்டு. மற்ற நாட்களில் பாணும் உண்டு, அதைப் பற்றி யாரும் வெட்கப்படுவதில்லை.

மாமாவின் செய்திக்கு நான் குழுவில் ஒரு பதில் போட்டேன்: "நல்ல விசயம் மாமா. அங்க உங்கட வீட்டில ஆர் சமைக்கிறது?"

இரண்டு நீலச் சரி விழுந்தது. மாமி மட்டும் ஒரு சிரிப்பு அனுப்பினார்.