மூச்சின் பேரேடு: உறக்க மூச்சுத்தடைக் கணக்கின் வரலாறும் லிந்துலையும்

முன்னுரை

மலையகத் தோட்ட மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது தோட்டத்துப் பேரேடுகளையே ஆகும். விடியுமுன் பிரட்டுக்களத்திற் கூப்பிடப்பட்ட பெயரும், அந்தியில் நிறுக்கப்பட்ட கொழுந்தின் இறாத்தலும் செக்றோலிலே நாள்தோறும் பதிவாயின. தொழிலாளியின் பெயரில் நின்ற கடன் 'துண்டு' எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டது. அக்கடனைப் புதிய தோட்டம் ஏற்றாலன்றி, அவர் பழைய தோட்டத்தை விட்டு நீங்குதல் அரிதாயிருந்தது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இக்கணக்குகள் யாவும் தொழிலாளரைப் பற்றியவை. எனினும் தொழிலாளரின் கையில் இருந்தவை அல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், முன்னோர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது, அச்சான்று கையில் இல்லாமையால் எத்துணைப் பேர் நாடற்றவராயினர் என்பதை நாம் அறிவோம்.

இக்கட்டுரை ஆராயப் புகுவது அத்துணைப் பெரியதொரு கணக்கையன்று. உறங்கும் மனிதரின் விரல்நுனியிலிருந்து எடுக்கப்படும் குருதி ஒட்சிசன் அளவீடுகளை, உறக்க மூச்சுத்தடையைக் கணக்கிடும் கணினி மென்பொருளுக்குள் கொண்டுசேர்க்கும் முறை அண்மைக்காலத்தில் தோன்றியதாகும். எனினும், உடலைப் பற்றிய பேரேடொன்று அவ்வுடலுக்குரியவரின் கைக்கே வந்து சேருதல் என்ற வகையில் அது நம் வரலாற்றோடு தொடர்புடையது. அவ்வேடு அவருக்குப் பயன்படுவதற்கு வேண்டியவை யாவை என்பதே ஈண்டு எழும் வினா.

மூச்சுத்தடை நோயென அறியப்பட்டமை

மூச்சை எண்ணுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஒரு நாளில் மனிதர் விடும் மூச்சு 21,600 என்பது யோக மரபு. அஃதாவது நிமிடத்துக்கு 15. இன்றைய மருத்துவம் கூறும் அளவோடு இது பெரிதும் ஒத்துள்ளது. சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூவிரல் வைத்து நாடி பார்த்தனர். ஆயினும் இவையெல்லாம் விழித்திருப்பவரிடம் நோக்கப்பட்டவையே. உறங்குபவரின் மூச்சு நெடுங்காலம் எவராலும் எண்ணப்படவில்லை.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடுதலே தடைவகை மூச்சுத்தடை ஆகும். குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்குற்று உடலை எழுப்புகின்றது, மூச்சு மீள்கின்றது. இவ்வாறு ஒரிரவிற் பலமுறை நிகழினும் உறங்குபவர் அதனை அறியார். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836-37இல் வெளியிட்ட 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் எந்நேரமும் உறங்கிவிழும் பருத்த சிறுவன் ஒருவன் வருகின்றான். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோய்க்கு அந்நாவலின் பெயரையே இட்டனர். 1965இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் இரவுமுழுதும் செய்யப்பட்ட பதிவுகள், உறக்கத்தில் மூச்சு நின்று மீள்வதைக் காட்டின. 1976இல் கில்லெமினோ முதலியோர் அதனைத் தனி நோயாக விளக்கினர். 1981இல் அவுஸ்திரேலியாவின் கொலின் சலிவன், மூக்கின் வழியே தொடர்ந்து காற்றழுத்தம் செலுத்தி அடைப்பை விலக்கும் கருவியை அறிமுகஞ் செய்தார்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறையிலே குடும்பம் முழுவதும் உறங்க நேர்ந்த நம் தோட்டங்களில், ஒருவரின் குறட்டை பிறருக்கு மறைவாயிருந்ததில்லை. ஆனால் அது உழைத்த களைப்பின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. பிரட்டுக்களத்தில் தூங்கி வழிந்தவர் சோம்பேறி எனவே ஏசப்பட்டார். இரவில் நின்ற மூச்சையும் பகலில் வந்த அயர்ச்சியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க எவரிடமும் கணக்கு இருக்கவில்லை.

குருதியின் நிறமும் ஒட்சிமானியும்

அக்கணக்குக்கு வழிவகுத்தது குருதியின் நிறமே ஆகும். 1864இல் ஹொப்பே-சைலர் குருதியின் செந்நிறப் பொருளுக்கு ஈமோகுளோபின் எனப் பெயரிட்டார். அது ஒட்சிசனை ஏற்கும்போது ஒரு நிறமும் இழக்கும்போது வேறொரு நிறமும் கொள்வதை அதே ஆண்டில் ஸ்ரோக்ஸ் எடுத்துக்காட்டினார். 1935இல் ஜேர்மனியின் கார்ல் மத்தேஸ் காதுமடலூடாக ஒளியைச் செலுத்தி ஒட்சிசனை அளந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், உயரப் பறக்கும் விமானிகளின் பொருட்டு அமெரிக்கரான மில்லிகன் இலேசான கருவியொன்றைச் செய்து அதற்கு 'ஒக்சிமீற்றர்' என்னும் பெயரையும் வழங்கினார்.

எனினும் தோல், தசை, ஓடாக் குருதி ஆகியவையும் ஒளியை மறித்தமையால் அக்கருவிகளைச் சீர்செய்வது கடினமாயிருந்தது. 1974இல் யப்பானிய பொறியியலாளர் தக்குவோ அவோயாகி இத்தடையை நீக்கினார். அவர் ஆராய்ந்தது வேறொன்று. நாடித்துடிப்பு அவருடைய அளவீட்டுக்கு இடையூறாக வந்தது. துடிப்போடு ஏறியிறங்கும் ஒளி மாத்திரமே நாடிக்குருதியைச் சார்ந்தது என்பதை உணர்ந்து, அவ்விடையூற்றையே அளவுகோலாக்கினார். இன்று விரலிற் பொருத்தும் சிறு கவ்வி, ஏறத்தாழ 660 நனோமீற்றர் செவ்வொளியையும் 940 நனோமீற்றர் அகச்சிவப்பொளியையும் செலுத்தி, ஒட்சிசன் நிரம்பல் வீதத்தையும் நாடித்துடிப்பையும் கூறுகின்றது. 2020இல் கொவிட் பெருந்தொற்றுப் பரவியதையடுத்து இக்கருவி வைத்தியசாலையைக் கடந்து வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அவோயாகி அவ்வாண்டு ஏப்பிரலிலேயே மறைந்தமை குறிப்பிடத்தக்கது.

இரு கருவிகளும் இரு கடிகாரங்களும்

பதிவுசெய்யும் ஒட்சிமானி விநாடிக்கொரு முறை அளவெடுப்பின், எட்டு மணி நேர உறக்கத்தில் 28,800 நிரம்பல் அளவுகளும் அத்தனை துடிப்பளவுகளும் சேரும். காற்றழுத்தக் கருவியோ மூச்சோட்டத்தையும் தடைகளையும் தனது நினைவட்டையில் எழுதிக்கொள்கின்றது. ஒன்று குருதியின் ஏடு. மற்றது மூச்சின் ஏடு. நெடுங்காலம் இவற்றைச் சேர்த்துப் படிக்கும் வாய்ப்பு உறக்க ஆய்வுகூடங்களுக்கே இருந்தது. 2011ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியர் ஒருவர் 'ஸ்லீப்பிஹெட்' எனும் இலவச மென்பொருளை உருவாக்கினார். 2019இல் அது நின்றபோது, தன்னார்வலர் அதன் வழித்தோன்றலாக 'ஒஸ்கார்' என்பதனை வெளியிட்டனர். நோயாளர் தம் வீட்டுக் கணினியிலேயே இரண்டு ஏடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்துப் பார்க்கும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

ஒட்சிமானியின் தரவைக் கம்பிவழியே நேராகவோ, முன்னர்ச் சேமித்த கோப்பிலிருந்தோ மென்பொருள் உள்வாங்குகின்றது. இதில் இடர்ப்பாடு எண்களில் அன்று, காலத்திலேயே உள்ளது. இரு கருவிகளுக்கும் கடிகாரங்கள் வேறு. சில ஒட்சிமானிகள் பதிவு தொடங்கிய நேரத்தைக் குறிப்பதேயில்லை. ஆகவே மென்பொருள் பயனாளரைக் கேட்கின்றது: கருவி சொல்லும் நேரத்தை ஏற்பதா? இரு கருவிகளும் ஒரே கணத்தில் இயக்கப்பட்டனவா? அன்றி, நேரத்தைக் கையாற் குறிப்பதா? இவ்வினாவுக்குத் தவறான விடை அளிப்பின், ஐந்து நிமிடப் பிழையே போதும். நின்ற மூச்சின் கீழ்ச் சீரான ஒட்சிசனும், அமைதியான மூச்சின் கீழ் வீழ்ந்த ஒட்சிசனும் தோன்றும். எண் ஒவ்வொன்றும் மெய்யாயிருந்தும் ஏடு பொய்யாகிவிடும்.

கடிகாரங்கள் ஒத்திருப்பினும் சிறு தாமதம் எஞ்சும். நுரையீரலில் இருப்பாயுள்ள ஒட்சிசன் செலவாகி, குருதி விரலை அடைந்து, கருவி சராசரி கண்டு காட்டுவதற்குள் அரை நிமிடமளவு கழியலாம். ஆதலின் மூச்சு நின்ற சிறிது நேரத்தின் பின்னரே வீழ்ச்சி தோன்றுதல் இயல்பேயாகும். இதனை அறியாதவர் சரியான பதிவையும் பிழையென நகர்த்திவிடக்கூடும்.

லிந்துலையில் அவ்வெண்ணின் பொருள்

இவ்வாறு ஒழுங்குபெற்ற ஏடும் எவ்விடத்திலும் ஒரே பொருள் தருவதன்று. லிந்துலையை அடுத்துத் தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,382 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அவ்வுயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் 85 வீதமளவே இருக்கும். நலமுடையவரின் நிரம்பல் இதனாற் பெரிதும் குறைவதில்லை. எனினும் ஒட்சிசன் கையிருப்பு சிறிது சுருங்குவதால், அதேயளவு நேரம் நின்ற மூச்சு கொழும்பினும் இங்கு ஆழ்ந்த வீழ்ச்சியை உண்டாக்கக்கூடும். மேலும் மலைக்குளிரில் விரல்களின் குருதியோட்டம் ஒடுங்கக் கருவி பெறும் துடிப்பு நலியும். நகப்பூச்சும் மருதோன்றியும் ஒளியை மறிக்கக்கூடும்.

இவற்றினும் முதன்மையானது குருதிச்சோகை. ஒட்சிமானி ஈமோகுளோபினில் எத்தனை வீதம் ஒட்சிசனால் நிரம்பியுள்ளது என்பதையே கூறும். ஈமோகுளோபின் எவ்வளவு உள்ளது என்பதைக் கூறாது. 100 மில்லிலீற்றர் குருதியில் 14 கிராம் ஈமோகுளோபின் உடையவர்க்கு நிரம்பல் 98 வீதமாயின், அது தாங்கும் ஒட்சிசன் சுமார் 18 மில்லிலீற்றர். 7 கிராமே உடைய பெண்ணுக்கும் கருவி அதே 98ஐக் காட்டும். அவர் பெறுவதோ சுமார் 9 மில்லிலீற்றர். நிறைந்த கூடை என்று மட்டும் எழுதி, கூடையின் அளவை எழுதாது விடுவதை இது ஒக்கும். கொழுந்து நிறுத்தவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

தோட்டங்களில் குருதிச்சோகை புதிதன்று. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை பற்றி 1872இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும் அப்புழு, குடலில் இருந்து குருதியை உறிஞ்சி மனிதரை வெளிறச் செய்வது. அந்நோயால் உண்டான தளர்ச்சியும் சோம்பலென்றே கொள்ளப்பட்டது. களைப்பின் காரணம் புழுவா, இரும்புச்சத்துக் குறைவா, இரவில் நின்ற மூச்சா என்று பிரித்தறியாமையால் விளைந்த பழியை மக்களே சுமந்தனர். ஆகவே ஒட்சிமானி ஏட்டின் அருகில் ஈமோகுளோபின் சோதனைச் சீட்டும் இருத்தல் வேண்டும்.

தோலின் நிறமும் கருதத்தக்கது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கருவி 92 முதல் 96 வீதம் காட்டிய வேளைகளிலும் நாடிக்குருதியில் உண்மை அளவு 88க்குக் கீழ் இருந்தமையைக் கறுப்பின நோயாளரிடையே 11.7 வீதமாகவும் வெள்ளையரிடையே 3.6 வீதமாகவும் கண்டது. நம் மக்கள் அவ்விரு பிரிவிலும் அடங்காதவராயினும், கருநிறத் தோலில் கருவி உண்மையினும் மிகுத்துக் கூறலாம் என்னும் எச்சரிக்கை நமக்கும் உரியது. எனவே ஒரு தனி எண்ணை நம்புவதினும், இரவு முழுவதும் மணிக்கு எத்தனை முறை நிரம்பல் மூன்று அல்லது நான்கு வீதம் வீழ்ந்து மீண்டது என நோக்குதலே பொருத்தமாகும். மென்பொருள் தரும் படமும் நோய்த்தீர்ப்பு ஆகாது. வைத்தியரிடம் காட்டத்தக்க சான்று என்பதே அதன் தகுதி.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மூச்சின் ஏடு மெய்ம்மை உடையதாவதற்கு இரண்டு பொருத்தங்கள் வேண்டுமென்பது புலனாகும். ஒன்று, கருவிகளின் கடிகாரங்கள் தம்முள் பொருந்துதல். மற்றது, எண்ணானது அளக்கப்பட்டவரின் வாழ்விடத்தோடும் உடல்நிலையோடும் பொருந்துதல். முதலாவதை மென்பொருளின் துணைகொண்டு செய்யலாம். இரண்டாவதைச் செய்வதற்கு மலையின் உயரத்தையும், குளிரையும், குருதிச்சோகையின் வரலாற்றையும் அறிந்தவர் வேண்டும். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து மருத்துவமும் கணினியியலும் பயிலும் இளைஞர் அப்பணிக்கு உரியவராவர்.

நம் முன்னோரின் உழைப்பை நிறுத்து எழுதியவர் பிறர். அந்த ஏட்டைப் படித்தவரும் பிறர். இன்று ஓரிரவின் மூச்சைத் தானே பதிந்து, தானே விரித்துப் பார்த்து, "நான் சோம்பேறி அல்லன், என் மூச்சு நின்றது" எனத் தேதியோடும் நேரத்தோடும் ஒருவர் கூற இயலும். அக்கூற்றை ஐயத்துக்கு இடமின்றி ஆக்கிக்கொடுப்பது கற்றோர் கடனாகும்.