ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட்

ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட் (ஜனவரி 8, 1821 - ஜனவரி 2, 1904) அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-1865), அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையில் பணியாற்றிய தளபதி ஆவார்.

போர்ப்பணி

தென் கரொலைனாவில் பிறந்த இவர், 1842 இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1861 இல் அமெரிக்கப் படையிலிருந்து விலகித் தென் மாநிலங்களுடன் இணைந்தார். தளபதி ராபர்ட் ஈ. லீயின் முதன்மைத் துணைவராக விளங்கினார். கெட்டிஸ்பர்க் சமரின் மூன்றாம் நாளில் (ஜூலை 3, 1863), எதிரியணியின் நடுப்பகுதியை நேராகத் தாக்கும் லீயின் திட்டத்தை இவர் ஏற்கவில்லை. கட்டளைக்குப் பணிந்து நடத்திய அத்தாக்குதல் பெருந்தோல்வியில் முடிந்தது. 1864 இல் வில்டர்னஸ் சமரில் தம் தரப்பினரே தவறுதலாகச் சுட்டதில் படுகாயமுற்றார்.

போருக்குப் பின்

லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1874 இல் வெள்ளையர் ஆயுதக் குழுவினர் லூசியானா அரசைக் கவிழ்க்க முயன்றபோது, கறுப்பின வீரர்களும் அடங்கிய படைக்குத் தலைமை தாங்கி நியூ ஓர்லியன்ஸ் நகரில் அவர்களை எதிர்த்தார். தென் மாநிலத்தவர் பலர் இவரைத் துரோகி எனத் தூற்றினர். கெட்டிஸ்பர்க் தோல்விப் பழியையும் இவர்மீதே சுமத்தினர். அதற்கு மறுமொழியாக 1896 இல் தம் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார். கெட்டிஸ்பர்க் களத்தில் இவருக்குச் சிலை எழுப்பப்பட்டது 1998 இல்தான்.