கரிசல் கண்மாயும் கண்ணாடித் தொட்டியும்

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் பூமியில் ஜீவநதி ஒன்றும் இல்லாமையால், ஐப்பசி மழையை நம்பி நிரம்பி, பங்குனி சித்திரையில் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துப்போகும் கண்மாய்களே அந்தப் பிரதேசத்து மீன்களுக்கு உலகமாயிருந்தன. ஆண்டுதோறும் நிறைந்து மாயும் அந்த நீரின் கரையில், மீன் எதனால் செத்தது என்று அறியும் நிதானம், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் நம்மிடம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பழகிப்போயிருந்தது. சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது 1909-ஆம் ஆண்டில்தான்.

என் சிறு வயதில், முழங்கால் மட்டத்துக்கு வற்றிய கண்மாய் ஒன்றில், விடியற்காலையில் கெண்டைகள் வயிறு காட்டி வெள்ளை வெள்ளையாக மிதந்தபோது, கரைக்கு வந்த பெரியவர்கள் செத்த மீனைக் கையில் எடுத்துப் பார்க்காமல், விரால் கிடக்கிறதா என்றே முதலில் தேடினார்கள். அதன் பொருள் எனக்கு விளங்கப் பல வருஷங்கள் ஆயின. பகலெல்லாம் பிராணவாயுவை உண்டாக்கும் பாசியே இரவில் அதை உட்கொண்டுவிடுவதால் விடியலில்தான் நீருக்கு மூச்சு முட்டுகிறது. அப்போது கெண்டைகள் மாள, மேலே வந்து வெளிக்காற்றைக் குடிக்கவல்ல விராலும் குரவையும் தேளியும் பனையேறிக் கெண்டையும் பிழைத்துக் கிடக்கும். (தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறிய இம்மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி எழுதிய செய்தி, 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அச்சாயிற்று.) ஆகவே விரால் உயிரோடிருந்தால் குற்றம் தண்ணீருடையது; வியாதி என்று அஞ்ச வேண்டியதில்லை.

விராலும் சேர்ந்து செத்தால் விஷயம் வேறு. பருத்திக்கு அடித்த என்ட்ரின் போன்ற மருந்துகள் மழையோடு இறங்கினால் வெளிக்காற்றைக் குடிக்கும் மீனுக்கும் விமோசனம் கிடையாது. சுழன்று, துடித்து, சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அமெரிக்காவின் மிசிசிப்பி நதியில் 1963-இல் மீன்கள் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்கும் என்ட்ரினே காரணமென்று விசாரணையில் குறிக்கப்பட்டது. நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டது 1990-இல்.

இந்த அனுபவ ஞானம் முற்றிலும் திகைத்து நின்ற ஒரு வியாதியும் உண்டு. 1971-இல் ஜப்பானிலும், அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்டுத் தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவிய தொற்றுப் புண்ணோய், இலங்கையைத் தொட்டு, 1988-இல் வடகிழக்கு இந்தியாவில் நுழைந்து, 1991-க்குள் தென்னகத்தின் நன்னீர்களையும் அடைந்தது. முதலில் விலாவில் கடுகளவு சிவப்புப் புள்ளி; பின்பு செதில் உதிர்ந்து, தோல் கரைந்து, தசை வெளிறிக் குழிந்த புண்; கடைசியில் மண்டையோடு தெரியும்படி சதை அழுகிய நிலையிலும் விரால் நீந்திக்கொண்டிருக்கும் அந்தக் காட்சி மனத்தை விட்டு அகலாதது. இங்கே லட்சணமெல்லாம் தலைகீழ்: முந்திச் சாவது விராலும் சிறு கெண்டைகளும், 1952-இல் வந்து குடியேறிய ஜிலேபிக் கெண்டைக்கோ ஒன்றும் நேராது. கோடையில் அன்றி, மழை ஓய்ந்து நீர் குளிரும் மாதங்களில் அது தலைகாட்டும். வைரஸ் என்றும் பாக்டீரியா என்றும் அறிஞர்கள் வெகுநாள் வாதாடிய பின்னரே, அஃபனோமைசிஸ் என்னும் நீர்ப்பூசணம் தசைக்குள் இழையோடுவதே மூலகாரணம் என்பது உறுதிப்பட்டது. புண் கண்ட குளத்தில் சுண்ணாம்பு இடுவதும், புவனேசுவரம் நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கண்ட சிஃபாக்ஸ் மருந்தும் பரிகாரமாயின. சுண்ணாம்புச் சத்துக் குன்றிய நீரில் இந்நோய் மிகும் என்பதால், சுக்கான் கல் கலந்த நம் கரிசல் மண்ணுக்கு இயற்கையாகவே ஓர் அரண் இருக்கலாம் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அதே சுண்ணாம்பு கண்ணாடித் தொட்டியில் எதிரியாகிறது. கார நீரில் மீனின் கழிவிலுள்ள அம்மோனியா கொடிய நஞ்சாக மாறும், பி.எச். அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால் அந்த நஞ்சின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகிறது. புதுத் தொட்டியில் விட்ட நாட்டுக் கெண்டைகள் முதல் சில வாரங்களுக்குள் செவுள் சிவந்து ஒவ்வொன்றாகச் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணி நீரை, குளோரின் ஆற விடாமல் அப்படியே ஊற்றினாலோ ஒரே பொழுதில் எல்லாம் போய்விடும். இரண்டையும் வியாதி என்று எண்ணி மருந்தின்மேல் மருந்து கொட்டுவோரைக் காணும்போது நெஞ்சு நோகிறது.

நாட்டு மீன் வளர்க்கும் அன்பர்கள் மருந்துப் புட்டியைத் திறக்குமுன், எந்த மீன் முதலில் செத்தது, எந்த வேளையில், எந்த மாதத்தில் என்பதை ஒரு தாளில் குறித்து வைக்க வேண்டும். புண் கண்ட மீனையும் அது கிடந்த தண்ணீரையும், இரக்கப்பட்டோ சோம்பல்பட்டோ, ஊர்க் கண்மாயில் மட்டும் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள்.