வில்லியனூர் தூய லூர்தன்னை திருத்தலம்

புதுச்சேரிக்கு மேற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில், வில்லியனூர் கொம்யூனில் அமைந்துள்ள கத்தோலிக்கத் தேவாலயம் இது. மக்கள் வழக்கில் 'வில்லியனூர் மாதா கோயில்'.

பிரான்சின் லூர்து நகரில் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு மரியன்னை காட்சியளித்ததாகக் கூறப்படுவது 1858இல். அங்கே எழுந்த மேல் பசிலிக்கா அர்ச்சிக்கப்பட்டது 1876இல். அதற்கு மறு ஆண்டே, 1877 ஏப்ரல் 8 அன்று, பிரான்சிலிருந்து வந்த லூர்தன்னை சிலை வில்லியனூரை அடைந்துவிட்டது. ஆசியாவில் லூர்தன்னைக்கு எழுந்த முதல் ஆலயம் இதுவே என்பர். புதுச்சேரித் திருச்சபையை அப்போது பாரிஸ் வேதபோதக சபையினர் நடத்தினர்; ஆயராக இருந்தவர் லவுணான். புதுச்சேரி–விழுப்புரம் இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1879இல்தான்; ஆகவே சிலை சாலை வழியாகவே வந்திருக்க வேண்டும். வழியில் பெட்டி கீழே விழுந்தும் சிலைக்குச் சேதமில்லை என்பது இவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அது தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவை வாட்டிய காலம். ஊரெங்கும் பசி நிலவியபோது எழுந்த கோயில் இது.

கட்டடம் லூர்து பசிலிக்காவை மனத்தில் கொண்டு கோத்திக் பாணியில் அமைந்தது. ஆனால் 'அதே போன்றது' என்று சொல்லி நிறுத்திவிடுவது சரியன்று என்பது என் கருத்து. இக்கோயிலின் தனிச்சிறப்பு அதன் முன்னால் உள்ள குளம். லூர்தில் இருப்பது ஊற்று. பக்கத்தில் ஆறு ஓடுகிறது. இங்கே ஊற்று இல்லை. ஆனால் கோயில் என்றால் குளம் வேண்டும் என்பது நம் நாட்டு மனம். இதே ஊரில் சோழர் காலத் திருக்காமீசுவரர் கோயில் இருக்கிறது. அண்மையில் சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சி. நீராடி வழிபடும் மக்களுக்கு மாதா குளம் அந்நியமாகத் தோன்றியிராது. லூர்து ஊற்றிலிருந்து கொண்டுவரப்படும் நீர் ஆண்டுத் திருவிழாவின்போது இக்குளத்தில் கலக்கப்படுகிறது.

திருச்சபை நாட்காட்டியில் லூர்தன்னை விழா பிப்ரவரி 11. வில்லியனூரிலோ பெருவிழா ஈஸ்டரை அடுத்து வருகிறது. 1877இல் ஈஸ்டர் ஏப்ரல் 1. சிலை வந்தது அதற்கு அடுத்த ஞாயிறு. ஊர் கொண்டாடுவது மாதா தன்னிடம் வந்த நாளை என்று கொள்ளலாம்.

விழா கொடியேற்றத்தில் தொடங்கித் தேர்பவனியில் முடிகிறது. திருக்காமீசுவரர் தேருக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலம் தொட்டு ஆளுநரே வடம் பிடிக்கும் வழக்கம் உண்டு. மாதா தேர் அன்றும் பிற சமயத்தார் பெருமளவில் வருகின்றனர். குளத்து நீரைப் புட்டியில் பிடித்துச் செல்வோரும் அவர்களில் உண்டு.