பல்லி ராஜாவின் வழக்கு

ஒருவருக்கு ராஜா என்று பெயர் வைத்து விட்டால், அப்புறம் அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார் என்று கேட்பது மரியாதை அல்ல என்று உலகம் நினைத்து விடுகிறது. ராஜா வேட்டைக்குப் போவார். எதிர்ப்பட்டதை அடித்து வீழ்த்துவார். அதற்கு மேல் விசாரணை கிடையாது. யாரோ அடித்துப் போட்டதை அந்த ராஜா எடுத்துச் சாப்பிட்டிருக்கலாம் என்று ஒருவர் வாயைத் திறந்து சொல்லட்டும், பார்க்கலாம்! ராஜா செத்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தாலும் கூட, அவருக்காகக் கோபித்துக் கொள்ள ஆயிரம் பேர் கிளம்பி விடுவார்கள்.

நான் சொல்லும் ராஜா, டிரன்னோசாரஸ் ரெக்ஸ் என்னும் டைனோசார். நீளம் சுமார் 40 அடி. நன்றாக வளர்ந்ததின் எடை 7, 8 டன். பல்லைப் பிடுங்கி வேரோடு அளந்தால், பெரிய பல் ஏறக்குறைய ஒரு அடி இருக்கும். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக் கொண்டு இது எப்படி வயிறு வளர்த்தது என்பதைப் பற்றி அறிஞர்கள் நடத்திய வழக்குதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நாவல் எழுதுகிறவனுக்கு வழக்குகளில் எப்போதுமே ஒரு ருசி உண்டு. அதிலும் பிரதிவாதி வாய் திறக்க முடியாத வழக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் பிரதிவாதி அகப்பட்ட கதையைச் சொல்லி விடுகிறேன். அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்தில் ஹெல் கிரீக் என்று ஓர் இடம் இருக்கிறது. நரக ஓடை என்று அர்த்தம். அங்கே 1902-ல் இந்தப் பிராணியின் எலும்புகளைக் கண்டெடுத்தவர் பார்னம் பிரவுன். பிரபல சர்க்கஸ் முதலாளி பி.டி. பார்னத்தின் ஞாபகமாகப் பெற்றோர் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பெயருக்கு ஏற்ற மனிதர்தான். எலும்பு தோண்டும் இடத்துக்குக் கூட அவர் கம்பீரமான ரோமக் கோட்டு மாட்டிக் கொண்டு போவது உண்டு.

பிரவுன் கண்டெடுத்ததற்கு 1905-ல் பெயர் சூட்டியவர் நியூயார்க் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையைச் சேர்ந்த ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன். 'டிரன்னோசாரஸ்' என்றால் கிரேக்க மொழியில் கொடுங்கோல் பல்லி. 'ரெக்ஸ்' என்றால் லத்தீனில் ராஜா. 1915-ல் அந்தக் காட்சிசாலையில் ஒரு முழு எலும்புக் கூட்டை நிமிர்த்தி நிறுத்தி, வாலைத் தரையில் படிய விட்டு, ஜனங்கள் அண்ணாந்து பார்க்கும்படி வைத்தார்கள். உண்மையில் அந்தப் பிராணி அப்படி நின்றதில்லை. முதுகைத் தரைக்குச் சமமாக நீட்டி, வாலைப் பின்னால் தூக்கிப் பிடித்து, தராசுக் கோல் மாதிரிதான் நடந்தது. 1990-களில்தான் அந்த எலும்புக் கூட்டை மாற்றி அமைத்தார்கள். ஆனால் அதற்குள் எத்தனையோ சினிமாக்களும் படக் கதைகளும் ராஜாவை நிமிர்ந்து நிற்கும் கொலைகாரராகவே பரப்பி விட்டன. விசாரணைக்கு முன்னாலேயே, பெயரிலும் நிற்கும் தோரணையிலும் தீர்ப்பு எழுதியாகி விட்டது.

இதற்கு எதிராக முதல் பிராதைக் கொடுத்தவர் கானடாக்காரர். லாரன்ஸ் லாம் என்பது அவர் பெயர். 1917-ல் அவர் ஆராய்ந்தது நம் ராஜாவின் நெருங்கிய உறவான கோர்கோசாரஸ் என்னும் பிராணியை. அதன் பற்களில் தேய்மானம் அதிகம் இல்லையே என்று அவர் பார்த்தார். எலும்போடு மல்லுக்கு நின்று தின்றிருந்தால் பல் தேய்ந்திருக்க வேண்டும், தேயவில்லை, ஆகையால் இது செத்துக் கிடந்த பிராணிகளின் மெத்தென்ற அழுகல் மாமிசத்தைத் தின்று பிழைத்தது என்று முடிவு கட்டினார்.

வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டைனோசார்களின் பல் நம் பல் போன்றது அல்ல. நமக்கு ஒரு தடவை விழுந்து முளைத்தால் சரி. பிறகு விழுந்தால் பல் வைத்தியர்தான் கதி. அவற்றுக்கோ ஆயுள் முழுவதும் விழுந்து விழுந்து முளைத்துக் கொண்டே இருந்தது. புதுப் பல்லில் தேய்மானத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

வழக்கு அத்துடன் தூங்கிப் போயிற்று. 1990-களில் அதைத் தட்டி எழுப்பியவர் ஜாக் ஹார்னர். மொன்டானாவிலேயே பிறந்து வளர்ந்து, டைனோசார்களின் கூடுகளையும் குஞ்சுகளையும் ஆராய்ந்து பெயர் பெற்றவர். ராஜா வேட்டைக்காரர் என்று எல்லோரும் சொல்கிறீர்களே, யாராவது சோதித்துப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் குற்றப் பத்திரிகையையும் வாசித்தார். கைகள் இரண்டும் சுமார் 3 அடிதான். இரையைப் பிடிக்க உதவாது. கால்களோ பாரம் சுமக்கும் கால்கள். துரத்திப் பிடிக்கும் கால்கள் அல்ல. மூளையில் மோப்பத்துக்கான பகுதி மிகவும் பெரிது. தூரத்திலிருந்தே பிண வாடை பிடிக்கும் கழுகுக்கு வேண்டிய அம்சம் அது. பற்களோ எலும்பை நொறுக்கும் பற்கள். பிறர் தின்று மிச்சம் வைத்ததைத் தின்கிறவனுக்குத்தானே எலும்பை நொறுக்க வேண்டிய அவசியம்?

எதிர்த் தரப்பு வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? கை சிறியது என்றால் என்ன? ஓநாயும் கழுதைப் புலியும் கையாலா இரையைப் பிடிக்கின்றன? வாய்தானே அவற்றின் ஆயுதம்? ராஜா வேகமாக ஓடவில்லை என்பது மெய்தான். 2002-ல் ஜான் ஹட்சின்சன், மரியானோ கார்சியா என்ற இருவர் கால் தசைகளைக் கணக்குப் போட்டு அதை உறுதிப்படுத்தினார்கள். ஆனால் இரையும் பல டன் எடையுள்ள பிராணிதானே? ஆமையைப் பிடிக்கக் குதிரை வேகம் எதற்கு? கண்ணைப் பாருங்கள் என்றார் கென்ட் ஸ்டீவன்ஸ். 2006-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, ராஜாவின் இரு கண்களும் ஒரே பொருளை முன்னால் சேர்ந்து பார்க்கும் பரப்பு சுமார் 55 டிகிரி, பருந்தைவிட அதிகம். அசையாமல் கிடக்கும் பிணத்தைத் தின்ன, தூரத்தை அளக்கும் இப்படிப்பட்ட பார்வை எதற்கு? தவிர, இன்று பிணத்தை மட்டுமே நம்பிப் பிழைக்கும் பெரிய பிராணிகள் கழுகுகள்தாம். அவை அதிகச் சிரமம் இல்லாமல் ஆகாயத்தில் மிதந்து பல மைல் தேடும். 8 டன் உடம்பைத் தூக்கிக் கொண்டு தரையில் நடப்பவருக்கு அந்த வசதி ஏது?

நேயர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இரு தரப்பும் சொன்னது எல்லாம், "இப்படிப்பட்ட உடம்பு உள்ளவன் இப்படித்தான் செய்திருப்பான்" என்ற ரகம். முகத்தைப் பார்த்துத் திருடன் என்று சொல்வது போலத்தான் இதுவும். நல்ல நீதிபதி கேட்பது, கண்ணால் கண்ட சாட்சி உண்டா என்பதுதான்.

சாட்சிகள் வந்தன. டிரைசெராடாப்ஸ் என்ற மூன்று கொம்புப் பிராணியின் இடுப்பெலும்பு ஒன்றில் டஜன் கணக்கில் பல் பதிந்த குழிகள் இருந்தன. கிரெகரி எரிக்சன் என்ற ஆராய்ச்சியாளர் பல் வைத்தியர்கள் அச்சு எடுப்பது போலவே குழிகளில் பசையை ஊற்றி அச்சு எடுத்தார். ராஜாவின் பல் அப்படியே வந்து நின்றது! இது வெளியானது 1996-ல். இரண்டு வருஷம் கழித்து, 1998-ல், கரேன் சின் என்ற அம்மாள் கானடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் கிடைத்த ஒரு கல்லைப் பற்றி எழுதினார். 44 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் கல், கல்லாகிப் போன ராஜ மலம். உள்ளே ஓர் இளம் தாவர பக்ஷிணியின் எலும்புத் தூள். ராஜா எலும்போடு சேர்த்தே விழுங்கினார் என்பதில் அப்புறம் சந்தேகம் இல்லை.

ஆனாலும் வழக்கு தீரவில்லை. தின்றார் என்பது ருசுவாயிற்று. கொன்றார் என்பது ருசுவாகவில்லை. இந்த வித்தியாசம் அற்பமானதல்ல. ஆப்பிரிக்காவில் கழுதைப் புலிகளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். பொழுது விடிந்ததும் காட்டுக்குப் போனவர்கள் கண்டதெல்லாம், சிங்கம் இரையைத் தின்கிறது, கழுதைப் புலிகள் சுற்றிலும் மிச்சத்துக்குக் காத்திருக்கின்றன என்பதுதான். சிங்கம் வேட்டைக்காரன், கழுதைப் புலி பிணந்தின்னி என்று காலம் காலமாக எழுதி வைத்தார்கள். 1960-களில் ஹான்ஸ் குரூக் என்பவர் டான்சானியாவில் ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பார்த்தார். பல சமயங்களில் இரையைக் கொன்றவை கழுதைப் புலிகளே; சிங்கம் பிறகு வந்து அவற்றை விரட்டி விட்டு உட்கார்ந்து கொண்டது! காலையில் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் ஆறு கோடி வருஷத்துக்கு முந்திய இரவில் நாம் எப்படிக் கண் விழிப்பது?

இதற்குக் கிடைத்த விடைதான் எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் பிடித்தது. செத்த பிராணியின் எலும்பில் விழுந்த பல் குழி அப்படியே இருக்கும். உயிருள்ள பிராணியின் எலும்பில் விழுந்தால், அந்தப் பிராணி பிழைத்திருந்தால், காயத்தைச் சுற்றிப் புது எலும்பு வளரும். ஆறிய புண் இருந்தால், கடிபட்டபோது உயிர் இருந்தது என்று அர்த்தம். உயிரோடு இருப்பதைக் கடிக்கப் போனவன் பிணந்தின்னி அல்ல.

2013-ல் ராபர்ட் டிபால்மா, டேவிட் பர்ன்ஹாம் முதலியோர் அப்படிப்பட்ட ஒரு சாட்சியை அறிவித்தார்கள். தெற்கு டகோடாவில் கிடைத்த வாத்து மூக்கு டைனோசார் ஒன்றின் வால் எலும்புகள் அவை. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில் ராஜாவின் பல் ஒன்று ஒடிந்து மாட்டிக் கொண்டிருக்கிறது. அதைச் சுற்றிலும் எலும்பு வளர்ந்து மூடி, இரண்டு முள்ளெலும்புகளும் ஒன்றாக ஒட்டிப் போயிருக்கின்றன. ராஜா பின்னாலிருந்து பாய்ந்து வாலைக் கவ்வினார். இரை திமிறிக் கொண்டு தப்பியது. பல் மட்டும் தங்கி விட்டது. அதை வாலில் சுமந்து கொண்டே அந்தப் பிராணி பல மாதங்களோ, வருஷங்களோ வாழ்ந்தது. பிராது கொடுத்த லாமின் கோர்கோசாரஸுக்கும் நல்ல காலம் பிறந்தது. கானடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 2009-ல் கிடைத்த ஒரு குட்டியின் வயிற்றில், சிட்டிப்பெஸ் என்னும் சிறு டைனோசார்கள் இரண்டின் பின்னங்கால்கள் இருந்தன. ஜீரணமான அளவில் வித்தியாசம் இருந்ததால் இரண்டும் வேறு வேறு வேளைச் சாப்பாடு என்று 2023-ல் அறிவித்தார்கள். 5 முதல் 7 வயதுக்குள் இருந்த அந்தக் குட்டி, சதைப் பற்றுள்ள துடைகளை மட்டும் பொறுக்கித் தின்றிருக்கிறது. இளமையில் சிறு இரை, வயது வந்த பின் பேரிரை என்று தொழிலை மாற்றிக் கொண்டார்கள் போலும்.

ஆகவே தீர்ப்பு என்ன? ராஜா வேட்டையாடினார். வழியில் பிணம் கிடைத்தால் அதையும் விடவில்லை. சிங்கம் இன்றும் அப்படித்தான் செய்கிறது. அதனால் அதன் பிடரி மயிரில் ஒன்றுகூட உதிர்ந்து விடவில்லை. ஹார்னர் தோற்றார் என்றும் நான் சொல்ல மாட்டேன். அவர் கேட்டிராவிட்டால் எல்லோரும் பெயரை நம்பியே இருந்திருப்பார்கள். ஆறிய எலும்புக்கு இவ்வளவு மதிப்பு வந்திராது.

ஒரு விஷயம் மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ராஜா ஜயித்த வேட்டை ஒவ்வொன்றும் அவர் வயிற்றுக்குள் போய் விட்டது. அங்கே கொன்றதற்கும் பொறுக்கியதற்கும் அடையாள வித்தியாசம் இல்லை. அவர் வேட்டைக்காரர்தான் என்று நிச்சயமாகச் சொல்வது அவர் தோற்ற வேட்டை ஒன்றுதான். அதையும் சொன்னது, பல்லை வாலில் வாங்கிக் கொண்டு ஓடிப் பிழைத்த ஒரு சாதுப் பிராணி. மனிதர்களின் சரித்திரத்திலும் கொடுங்கோலர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி, அவர்களிடமிருந்து எப்படியோ தப்பி வந்தவர்கள் சொன்னதுதானே?