ராஜா சிலையை உருக்கிய கதை

வாய்க்காலில் வீச்சு வலை போட்டவங்களுக்குத் தெரியும், வலையின் ஓரத்துக்கு ஈயக்குண்டு வேணும். எங்க தாத்தா அதை வீட்டிலேயே வார்ப்பார். அதுக்குன்னு ஒரு பழைய இரும்புக் கரண்டி. அதை அடுப்படிக்குள் அப்பாயி விடவே மாட்டாங்க. ஒருநாள் நான் அச்சை ஈரத்தோடு எடுத்துக் கொடுத்துட்டேன். ஊத்தினதும் படார்னு தெறித்து, தாத்தா புறங்கையில் மூணு தழும்பு. என்னை ஒரு வார்த்தை திட்டலை.

அமெரிக்க சுதந்திரப் போர் பத்திப் படிச்சப்போ அந்தக் கரண்டிதான் ஞாபகம் வந்தது.

1776 ஜூலை 9. நியூயார்க்கில் சுதந்திரப் பிரகடனத்தைப் படைவீரர்களுக்கு வாசித்தார்கள். அன்னைக்கே ஒரு கூட்டம் போய், குதிரைமேல் உட்கார்ந்திருந்த இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜ் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. 1770-ல் வச்ச சிலை. மேலே தங்கப் பூச்சு, உள்ளே அத்தனையும் காரீயம். படைக்கோ துப்பாக்கிக் குண்டுக்கு ஈயத் தட்டுப்பாடு. சிலையை உடைத்து, பெரும்பகுதியை கனெக்டிகட்டில் உள்ள லிட்ச்ஃபீல்டு ஊருக்கு, ஆலிவர் வோல்காட் என்பவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆப்பிள் தோப்பில் வச்சு விறகுக் கோடாலியால் கொத்தினாராம்.

இதுக்குப் பட்டறை தேவைப்படலை. காரீயம் 327 டிகிரியிலேயே உருகிடும், விறகு அடுப்பே போதும். ஆனா பாத்திரம் பார்த்து எடுக்கணும். ஈயம் பூசின பித்தளைப் பாத்திரம் ஆகாது. அந்தப் பூச்சு வெள்ளீயம், 232 டிகிரியிலேயே இளகி காரீயத்தோட கலந்துடும். இரும்புச் சட்டி, இரும்புக் கரண்டிதான் சரி, ஈயம் இரும்பைக் கரைக்காது. அச்சு, பாக்குவெட்டி மாதிரி இரண்டு பக்கம் திறக்கும். ஒரே நேரத்தில் பல குண்டு வார்க்கும் நீளமான பித்தளை அச்சும் அப்போ இருந்தது. பித்தளை சீக்கிரம் சுடும் என்பதால் மரப்பிடி போட்டிருப்பாங்க. அச்சு சூடேறும்வரை முதல் சில குண்டுகள் சுருக்கம் விழுந்துதான் வரும். அதைத் திரும்பச் சட்டியில் போட வேண்டியதுதான். ஈரம் மட்டும் கூடவே கூடாது. எங்க தாத்தா கை சொல்லும்.

வேலை செஞ்சது யார்னு வோல்காட் ஒரு கணக்கு எழுதி வச்சிருக்கார். மொத்தம் 42,088 தோட்டா. ரூத் மார்வின் என்ற பெண் 11,592. வோல்காட்டின் மகள் மேரி ஆன் 10,790, அவளுக்கு வயசு 11. அக்கா லாரா 8,378. தம்பி ஃப்ரெடரிக் 936, வயசு 8. பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தான். போர்னா சேனாபதி பேரைத்தான் நமக்குப் பாடத்தில் வச்சாங்க. ஈயப் புகை பிள்ளைங்க உடம்புக்கு எவ்வளவு கெடுதல்னு இன்னைக்கு எல்லாருக்கும் தெரியும். இந்தக் கணக்கைப் படிக்கும்போது எனக்குப் பெருமையும் வருது, பயமும் வருது.

சிலை முழுசா உருகிடலை. வழியில் வில்டன் என்ற ஊர்ப்பக்கம் சில துண்டுகள் காணாமல் போச்சு. ராஜா பக்கத்து ஆட்கள் எடுத்து ஒளிச்சாங்கன்னு சொல்லுவாங்க. ரொம்ப காலம் கழிச்சு அங்கே சதுப்பு நிலத்தில் அதுங்க கிடைச்சது. குதிரையின் வால் இப்போ நியூயார்க்கில் மியூசியத்தில் இருக்கு.